கடிச்சது பாம்பு, கொன்னது தூரம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டாங்க. நான் பாம்புக்கடியைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். சிரிக்கிறீங்க. பரவாயில்ல. கொஞ்ச நேரம் கழிச்சு சிரிக்க மாட்டீங்க.

கவிதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கவிதை எழுதினேன். அதில் ஒரு பாம்பு வரும். பாம்பு என்றால் சாதி. புற்று என்றால் ஊர். பால் ஊற்றுகிறவர்கள் யார், கடிபடுகிறவர்கள் யார் என்று போகும் கவிதை. ஒரு பத்திரிகையில் வந்தது, தோழர்கள் நாலு பேர் கைகுலுக்கினார்கள். அந்தப் பெருமையில் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒங்க சித்தப்பனக் கடிச்ச பாம்பாடா இது?"

"இல்லம்மா, இது வேற பாம்பு" என்றேன்.

"அப்ப அவனப் பத்தி எப்ப எழுதுவ?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

*

1999, ஐப்பசி மாதம். எனக்கு ஒன்பது வயசு. எங்கள் சேரி ஊரிலிருந்து அரை மைல் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கூரை வீடு. வீட்டில் ஒரே ஒரு கயிற்றுக்கட்டில், அது தாத்தாவுக்கு. மற்ற எல்லாருக்கும் தரையில் பாய். அடைமழை. வயல் முழுக்கத் தண்ணீர் நின்றால் எலியும் தவளையும் மேட்டுக்கு வரும். அதுகளைத் தேடிப் பாம்பு வரும். மேடு என்றால் எது? நாங்கள் படுத்திருக்கிற தரைதான்.

விடியற்காலை நாலு மணி இருக்கும். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓமத்தண்ணி கொடுத்தார்கள். வாந்தி எடுத்தார். கடிவாய் எதுவும் தெரியவில்லை, வீக்கம் இல்லை, எரிச்சல் இல்லை. பாம்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. விடிகிற நேரத்தில் அவரால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. நாக்கு குழறியது. பாட்டி காத்து கருப்பு என்று திருநீறு பூசினாள்.

ஊர்த்தெருவில் அப்போது ஒரு காரும் ஒரு டிராக்டரும் இருந்தன. அதைப் போய்க் கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோணவே இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். போய்க் கேட்டு அவர்கள் மறுத்திருந்தால், இன்றைக்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லித் திட்டலாம். கேட்கிற நினைப்பே வராத மாதிரி எங்களை வைத்திருந்தது எது? அதைத் திட்ட ஒரு பெயர்தான் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும்.

சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, அப்பா தள்ள, மாமா பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க, சேற்றுப் பாதையில் மெயின் ரோடு வரைக்கும் போனார்கள். அங்கிருந்து பால் வண்டி. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்டரை மணி. கண் சொருகி, வாயில் எச்சில் ஒழுக, கால் துவண்டு வந்த ஆளைப் பார்த்து அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எவ்வளவு குடிச்சான்?"

சித்தப்பா குடிக்கிறவர்தான். அன்றைக்குக் குடிக்கவில்லை. குடித்திருந்தால்தான் என்ன? குடிச்சவனைப் பாம்பு கடிக்காதா? பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். பதினோரு மணிக்கு மூச்சு நின்றது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது பாட்டிதான் பார்த்தாள். வலது முழங்கைக்கு மேலே ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி. அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரே வார்த்தை சொன்னார்கள்: விதி.

பெரியவனாகிப் படித்தபோதுதான் தெரிந்தது. அது கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடிக்கும்போது பெரிதாக வலிக்காது, தூக்கம்கூடக் கலையாமல் போகலாம், கடிவாய் தெரியாது. விடிகிற நேரத்தில் வயிற்று வலி, வாந்தி. அப்புறம் இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடுகிற தசையும் செயலிழக்கும். ஆனால் நினைவு பெரும்பாலும் தப்புவதில்லை. கையைக் காலை அசைக்க முடியாது, கண்ணைத் திறக்க முடியாது, ஆனால் காது கேட்கும். அப்படியென்றால், "எவ்வளவு குடிச்சான்?" என்று கேட்டது சித்தப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

இப்படிப்பட்டவரைக் காப்பாற்ற முடியுமா? முடியும். விஷமுறிவு மருந்தும், மூச்சு நின்றால் தொடர்ந்து மூச்சு கொடுக்க ஒரு ஏற்பாடும் வேண்டும். வென்டிலேட்டர் இருக்கிற இடத்துக்குப் போகிறவரை, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற ரப்பர் பை போதும். விஷம் முறிந்து நரம்பு மீள்கிற வரைக்கும் மூச்சைத் தாங்கிப் பிடித்தால் ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். அப்படிப் பிழைத்து வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் சித்தப்பாவின் தலையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஒரு கட்டில் இல்லை, ஒரு வண்டி இல்லை, ஒரு ரப்பர் பை இல்லை.

*

இப்போது கணக்குக்கு வருகிறேன். பேங்க்ல வேலை பார்க்கிறவன், கணக்கு இல்லாம பேச வராது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரி 58,000. நாளைக்கு ஏறக்குறைய 160. நான் பேசி முடிக்கிற ஒரு மணி நேரத்துக்கு ஆறு பேர். உலகத்திலேயே இந்தச் சாவு அதிகமாக நடப்பது இந்த நாட்டில்தான்.

இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பது முக்கியம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்து இதைப் போடவில்லை. அங்கே வருகிற எண்ணிக்கை இதில் ஒரு சிறு துண்டுதான். செத்தவர்களின் வீட்டுக்கே ஆள் போய், "எப்படிச் செத்தார், என்ன அறிகுறி இருந்தது" என்று கேட்டு எழுதி, அதை மருத்துவர்கள் படித்துக் காரணத்தை முடிவு செய்தார்கள். பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு என்று அதற்குப் பெயர். 2011இல் வெளியான அதன் முதல் பாம்புக்கடிக் கணக்கின்படி, 2005ஆம் ஆண்டில் மட்டும் 45,900 பேர் செத்தார்கள். அதில் 100க்கு 97 பேர் கிராமத்தார். ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் 100க்கு 23 பேர்தான். மீதிப் பேர் எங்கே செத்தார்கள்? வீட்டில், வரப்பில், வண்டியில், வழியில்.

பாம்புக்குச் சாதி தெரியாது, உண்மைதான். ஆனால் பாம்பு கடிக்கிற இடத்துக்குச் சாதி உண்டு. நேரத்துக்கும் உண்டு. நாற்று நடுகிற கால், களை பறிக்கிற கை, அறுப்பு அறுக்கிற விரல், வைக்கோல் போர் பிடுங்குகிற முழங்கை யாருடையது? மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால், ராத்திரியில் தண்ணீர் கட்டப் போகிறவன் யார்? கக்கூஸ் இல்லாமல் இருட்டுக்காகக் காத்திருந்து முள்ளுக்காட்டுக்குப் போகிற பெண் யார்? தரையில் படுக்கிறவன் யார்? தெருவிளக்கு எந்தத் தெருவோடு நின்றுபோகிறது? இதையெல்லாம் வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்த வரைபடம் ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் "புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்" பட்டியலில் முன்னுரிமை கொடுத்துச் சேர்த்தது. யானைக்கால், தொழுநோய், காலா அசார் எல்லாம் இருக்கிற பட்டியல். இந்தப் பெயரில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'புறக்கணிக்கப்பட்ட' என்பது செயப்பாட்டு வினை. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இந்த வினையில் எழுவாயை மறைத்துவிடலாம். புறக்கணித்தது யார்? நோயைப் புறக்கணித்தார்களா, நோயாளியைப் புறக்கணித்தார்களா? ஆப்பிரிக்காவில் பல பாம்புகளின் விஷத்துக்குப் பயன்பட்ட ஒரு மருந்தை, இலாபம் இல்லை என்று அதைத் தயாரித்த பிரெஞ்சுக் கம்பெனி நிறுத்திவிட்டது. கடைசியாகத் தயாரித்த மருந்து 2016இல் காலாவதியானது. பணக்கார நாட்டுக்காரன் சாகிற நோயாக இருந்தால் இது நடக்குமா?

*

பேங்க்கில் என் சீட்டுக்கு முன்னால் பாம்புக்கடி இரண்டு விதமாக வரும்.

ஒன்று, நகைக்கடன். "எதுக்கும்மா கடன்?" என்று படிவத்துக்காகக் கேட்பேன். விவசாயச் செலவு என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சிலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். "வீட்டுக்காரர விரியன் கடிச்சிருச்சு சார். உசுரு பொழச்சிருச்சு. கிட்னி போயிருச்சு." கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருந்து ஏறத் தாமதமாகத் தாமதமாக இது கூடும். அப்புறம் டயாலிசிஸ். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் மெஷின் இருக்கிற ஊருக்குப் போக வர பஸ் காசு, கூடப் போகிறவருக்குக் கூலி நஷ்டம். அவசரத்துக்குத் தனியாரிடம் போனவர்கள் தோடு, தாலிக்குண்டு வரைக்கும் எங்கள் தராசில் வைக்கிறார்கள். நான் எடை போட்டு ரசீது எழுதுகிறேன்.

இன்னொன்று, காப்பீட்டுப் படிவம். 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த விபத்துக் காப்பீடு ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு 12 ரூபாயாக இருந்து 2022இல் 20 ரூபாய் ஆனது. சேமிப்புக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் செத்தால் வாரிசுக்கு 2 லட்சம். பாம்புக்கடியும் அதில் விபத்துதான். ஆனால் ஒரு விதி உண்டு. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு, சம்பவம் நடந்த உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய பதிவு வேண்டும்.

2023இல் ஒரு அம்மா வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். புருஷன் ராத்திரி அடுத்தவர் நிலத்துக்குத் தண்ணி கட்டப் போன இடத்தில் கடிபட்டிருக்கிறார். மந்திரிக்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம். அப்புறம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாயங்காலமே அடக்கம். போஸ்ட்மார்ட்டம் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. மரணச் சான்றிதழ் கொண்டுவந்திருந்தார். மரணச் சான்றிதழில் செத்த காரணம் இருக்காது. வேறு என்ன காகிதம் வேண்டுமானாலும் வாங்கி வருகிறேன் என்றார்.

நான் விதியைச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பதிவு இல்லாமல் முடியாதும்மா என்றேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்திருந்தா அவரு ஏன் சாவப்போறாரு?"

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதற்குப் பதில் இல்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தது இந்தக் கைதான். என் சித்தப்பாவைக் கொண்டுபோன அதே தூரம், இருபத்து நாலு வருஷம் கழித்து ஒரு காகிதமாக என் மேஜைக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம் அப்பா தள்ளிய சைக்கிள். இந்தப் பக்கம் நான் நீட்டிய படிவம். இடஒதுக்கீட்டில் படித்து இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறேன், விதியைச் சொல்லத்தான் வந்தேனா என்று அன்றைக்கு மனசு கேட்டது. நம் ஆட்கள் 'விதி' என்று சொன்னால் தலையெழுத்து. ஆபீஸில் 'விதி' என்றால் சட்டம். இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பது தமிழின் தற்செயல். இரண்டும் ஒரே வேலையைச் செய்வது தற்செயல் இல்லை.

*

மந்திரிக்கப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பகுத்தறிவு பேசுகிற தோழர்கள் இந்த இடத்தில் உடனே, "மூடநம்பிக்கைதான் கொன்றது" என்பார்கள். அவசரப்படாதீர்கள். மந்திரிக்கிறவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறார். தொட்டுப் பார்க்கிறார். மிளகு கொடுத்து, "காரம் தெரியுதா" என்று கேட்கிறார். எவ்வளவு குடிச்சே என்று கேட்பதில்லை. கடிக்கிற பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடிக்கும். அந்த ஆட்களெல்லாம் எப்படியும் பிழைத்துவிடுவார்கள், பேர் அவருக்குப் போய்விடும். மிளகும் பச்சிலையும் விஷத்தை முறிக்காது. இதை நம் ஜனங்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்கிற வாயால், "ஆஸ்பத்திரி ஏன் மந்திரவாதி வீட்டை விடத் தூரமாக இருக்கிறது" என்றும் கேட்க வேண்டும்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. 1890களிலேயே கண்டுபிடித்தது. நம் நாட்டு மருந்து நாலு பாம்புக்கு வேலை செய்யும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி எங்கிருந்து போகிறது தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. வன உயிரினச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்பு இழந்த இருளர்களுக்காக, ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து வந்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் அதே இருளர் குழந்தை சாதிச் சான்றிதழுக்கு இன்னும் அலைகிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். நாடு முழுக்க உயிர் காக்கிற விஷத்தை எடுக்கிற கை அவர்கள் கை. அந்த மருந்து கடைசியாகப் போய்ச் சேருகிற இடமும் அவர்கள் குடிசைதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே இனப் பாம்பின் விஷமே இடத்துக்கு இடம் மாறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வேறு மாநிலத்தில் அதே அளவு வேலை செய்யாமல் போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற கூர்மூக்கு விரியனுக்கு இந்த மருந்து பயன்படுவதில்லை. தோட்டத் தொழிலாளி அதில் கடிபட்டால் அவருக்கு மருந்தே இல்லை என்றுதான் அர்த்தம். இதையெல்லாம் ஆராயப் பணம் ஒதுக்கு என்பதும் நம் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

*

என்ன செய்யலாம்? மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் வேலையாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, முதலுதவி. கடிபட்டவரைப் பயப்படுத்தாதீர்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை ஒரு கம்போ அட்டையோ வைத்து அசையாமல் கட்டுங்கள், எலும்பு முறிந்தால் கட்டுவது மாதிரி. இறுக்கக் கயிறு கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று காலே போய்விடும். பிளேடால் கீறாதீர்கள், வாய் வைத்து உறியாதீர்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், அது இன்னொருவரையும் கடிக்கும். 108க்குப் போன் செய்யுங்கள், வரத் தாமதமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் ஏற்றுங்கள். ஊர்த்தெரு வண்டியாக இருந்தாலும் போய்க் கேளுங்கள். எங்கள் வீடு கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். விடியற்காலையில் காரணம் தெரியாமல் வயிற்று வலியும் இமை தொங்கலும் வந்தால், கடிவாய் இல்லை என்றாலும் பாம்பாக இருக்கும் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது? காலாவதி தேதி என்ன? விஷம் ஏறியவருக்கு முதல் தவணையே 8 முதல் 10 குப்பி வரை வேண்டும். ரெண்டு குப்பி வைத்துக்கொண்டு 'இருப்பு உண்டு' என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. பொடியாக வருகிற மருந்துக்குக் குளிர்பெட்டிகூடக் கட்டாயமில்லை, அதனால் கரண்டைச் சாக்காகச் சொல்ல முடியாது. ராத்திரி டாக்டர் உண்டா? மூச்சுப் பை உண்டா? மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் போட அட்ரினலின் ஊசி உண்டா? இந்த ஒவ்வாமைக்குப் பயந்துதான் பல இடத்தில் மருந்தே போடாமல் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பயம் போகிற மாதிரி டாக்டருக்கும் நர்ஸுக்கும் பயிற்சி கொடு என்று கேட்க வேண்டும்.

ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான் சோதனை. பிளாஸ்டிக் குழாயில் செய்தால் தப்பாகக் காட்டும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. மெஷின் வேண்டாம், லேப் வேண்டாம். சில ரூபாய்க் குழாயும் ஒரு கடிகாரமும் போதும். வாய்ச்சொல் பதில் சொன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது, கணக்கு. 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிக்குத் தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. அதாவது அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியானாலும் ஒவ்வொரு கடியையும் சாவையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல ஆணை. ஆனால் ஆஸ்பத்திரிக்கே வராமல் செத்தவரை எந்த ஆஸ்பத்திரி அறிவிக்கும்? அந்தக் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். உங்கள் சேரியில் பத்து வருஷத்தில் யார் யாரைப் பாம்பு கடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில், எவ்வளவு நேரம் கழித்து ஆஸ்பத்திரி, என்ன ஆனார் என்று வீடு வீடாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம்.

நான்காவது, சொல்லக் கஷ்டமானது. வழியில் உயிர் போனாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள், பதிவு செய்யுங்கள், போலீசில் எழுதிக் கொடுத்து போஸ்ட்மார்ட்டம் செய்யச் சொல்லுங்கள். பிணத்தை அறுப்பதற்கு நம் ஜனங்களுக்கு மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் ஒடிசா, உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் பாம்புக்கடிச் சாவுக்கு இழப்பீடு தருகின்றன. அங்கேயும் சான்று கேட்கிறார்கள். எனவே காகிதத்தை விடாதீர்கள். கூடவே, காகிதம் இல்லாத சாவுக்கும் ஊர்ச் சாட்சியை ஏற்றுக்கொள் என்று போராட வேண்டும்.

ஐந்தாவது, கடிபடாமல் இருப்பது. கட்டில், நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலை, டார்ச், தெருவிளக்கு, கக்கூஸ், முழங்கால் பூட்ஸ், பகலில் மும்முனை மின்சாரம். இதெல்லாம் மருத்துவமா என்று கேட்டால், ஆமாம், இதுதான் முதல் மருத்துவம். கூலி உயர்வு கேட்கும்போது பூட்ஸும் டார்ச்சும் கேளுங்கள். வயலில் இறங்குகிறவனின் காலுக்கு நிலத்துக்காரன் பொறுப்பு.

*

முடிக்கிறேன். அந்த அம்மா அப்புறம் பேங்க்குக்கு வரவில்லை. கணக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கு எண் எனக்கு மனப்பாடம்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது எங்கள் வீடு தளம் போட்ட வீடு. அம்மாவுக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். அவள் அதில் படுப்பதில்லை, முதுகு வலிக்குது என்று தரையில்தான் பாயைப் போடுகிறாள். சண்டை போட்டுக் கொசுவலை கட்டினேன். கட்டி முடித்து ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகும்போது அம்மா கேட்டாள்:

"சித்தப்பனப் பத்தி எழுதினியாடா?"

"பேசப் போறேம்மா, ஒரு கூட்டத்துல."

"பேசு. குடிக்கலன்னு சொல்லு."

சொல்லிவிட்டேன். என் சித்தப்பா அன்றைக்குக் குடிக்கவில்லை.

ஜெய்பீம்.